பரண் மேல் ஒரு விடுமுறை

மே மாதம் பிறந்துவிட்டால் நம் சங்கத்துக் குடும்பங்களில் ஒரே பேச்சுத்தான். "பிள்ளைகள் எப்போது வருகிறார்கள்? எத்தனை நாள் லீவு?" என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வோம். அமெரிக்காவிலிருந்தும் துபாயிலிருந்தும் வரப்போகும் பேரன் பேத்திகளுக்காக ஏ.சி. மெஷின் பழுது பார்க்கப்படும். வந்து இறங்கியதும் திருப்பதி தரிசனம், காளஹஸ்தியில் ராகு கேது பூஜை, சென்னையில் ஒரு கல்யாணம், தி.நகர் ஜவுளிக் கடைகளில் இரண்டு நாள், பிறகு அத்தை வீடு, சித்தி வீடு என்று நான்கு வாரம் ஓடிவிடும். விமான நிலையத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்புவோம்.

இந்த நடைமுறையை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் எழுத்தாளன் இல்லை. டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் சேர்ந்து, 36 வருடம் வெயிலில் நடந்து, ஓய்வு பெற்று செகந்தராபாத்தில் உட்கார்ந்திருப்பவன். சொல்வதில் குறை இருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மகன் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கிறான். மூன்று வருடத்துக்கு முன் குடும்பத்தோடு வந்திருந்தபோது, மேலே சொன்ன பட்டியல்படி நாங்களும் ஓடினோம். மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் பேரன் செல்போனை மூடி வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் கற்ற தமிழில் என்னைக் கேட்டான்: "தாத்தா, எனக்கு இங்கே என்ன வேலை?"

அவன் குறும்பாகக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. யோசித்துப் பார்த்தால் அவன் கேட்டது நியாயம். நாம் அவனுக்கு ஒரு வேலையும் வைத்திருக்கவில்லை. சாப்பிடு, தூங்கு, பெரியவர்களுக்கு நமஸ்காரம் பண்ணு என்பதைத் தவிர அவனிடம் நாம் எதையும் எதிர்பார்க்கவில்லை. வேலை இல்லாத இடத்தில் மனிதன் விருந்தாளிதான். விருந்தாளிக்கு எந்த ஊரும் சொந்த ஊர் ஆகாது.

அவர்கள் திரும்பிப் போன பிறகு மகன் போனில் ஒரு விஷயம் சொன்னான். அவனோடு வேலை செய்யும் ஒருவர் கோடை விடுமுறைக்கு எங்கே போகிறார் என்று கேட்டானாம். தன் தகப்பனாரின் நிலத்துக்குப் போய், மான் வேட்டைக்கு மரத்தில் பரண் கட்டி, ஏரியில் மீன் பிடித்துவிட்டு வரப்போவதாக அவர் சொன்னாராம். தாத்தா, அப்பா, பிள்ளைகள் எல்லோரும் சுத்தியலும் ரம்பமுமாகப் போவார்களாம். அந்த மாநிலத்தில் நவம்பர் கடைசியில் ஒன்பது நாள் துப்பாக்கி வேட்டைப் பருவம் உண்டு. அதற்கான ஏற்பாட்டைக் கோடையிலேயே குடும்பமாகச் செய்து வைப்பது அங்கே சாதாரண வழக்கம். "லீவு எடுத்துக்கொண்டு வேலை செய்யப் போகிறார்கள் அப்பா" என்று மகன் வியந்தான்.

அந்த ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு முன்னோடியும் உண்டு. ஆல்டோ லியோபோல்ட் என்ற வனத்துறை அறிஞர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், அவரே வேட்டைக்காரரும்கூட. 1935-ல் மண் செத்துப்போன ஒரு பழைய பண்ணையை வாங்கினார். அங்கிருந்த கோழிக் கொட்டகையைச் செப்பனிட்டுக் குடிலாக்கி, மனைவியோடும் ஐந்து பிள்ளைகளோடும் வார இறுதியிலும் விடுமுறையிலும் அங்கே போய் ஆயிரக்கணக்கில் பைன் மரக் கன்றுகளை நட்டார். 1948-ல் பக்கத்து நிலத்தில் பிடித்த தீயை அணைக்கப் போன இடத்தில் உயிர் விட்டார். அவர் எழுதிய நூல் 1949-ல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. அந்த நூலுக்கு வித்து, குடும்பம் முழுவதும் கை அழுக்காக வேலை செய்த அந்த விடுமுறைகள்தாம்.

இதைக் கேட்டதும் எனக்குக் காளஹஸ்தி ஞாபகம் வந்தது. என் மனைவியின் அண்ணன் காளஹஸ்திக்கு அருகே ஒரு கிராமத்தில் ஆறு ஏக்கர் மானாவாரியும் கொஞ்சம் நஞ்சையும் வைத்து விவசாயம் செய்கிறார். அந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் வட ஆர்க்காடு ஜில்லா. 1911-ல் சித்தூர் ஜில்லா பிறந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் பிறந்து காளஹஸ்தி அதில் சேர்ந்தது. பலகைகள் மாறினாலும் வீட்டில் தமிழும் வயலில் தெலுங்குமாக அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். அவருக்கு இரண்டு வருடமாக ஒரே தலைவலி, காட்டுப்பன்றி. நிலக்கடலை விதைத்த அன்று ராத்திரியே வந்து விதையைத் தோண்டித் தின்னும். தப்பியது காய் பிடித்தால் கொடியோடு பிடுங்கும். பழைய பரண் மக்கி விழுந்து வெகுநாள் ஆகியிருந்தது.

மகனிடம் சொன்னேன்: "அடுத்த முறை வரும்போது துணிமணி குறைவாகக் கொண்டு வா. நாம் பரண் கட்டப் போகிறோம்."

பரண் ஒன்றும் நமக்குப் புதிதல்ல. சங்கப் பாடல்களில் தினைப்புனம் காக்கும் பெண் உட்கார்ந்திருக்கும் இதணம் இதுதான். வள்ளி கிளி விரட்டியதும் பரண் மேல் நின்றுதான். தெலுங்கில் மஞ்செ என்பார்கள். வெள்ளைக்காரன் இந்தியிலிருந்து எடுத்துக்கொண்டு மச்சான் என்றான். கென்னத் ஆண்டர்சன் 1954-லும் 1957-லும் வெளியிட்ட வேட்டைப் புத்தகங்களில் நம் திருப்பதிக்குப் பக்கத்துச் சாமலா பள்ளத்தாக்கும், ரேணிகுண்டா - கடப்பா ரயில் பாதையில் உள்ள மாமண்டூரும் வருகின்றன. ஆட்கொல்லிப் புலிக்காக ராத்திரி முழுக்க மச்சானில் உட்கார்ந்த கதைகள். என் பேத்திக்கு இந்த வார்த்தையைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "தாத்தா மச்சானோடு சேர்ந்து மச்சான் கட்டுகிறார்" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

சென்ற வருடம் ஜூன் மாதம் வந்தார்கள். பேரனுக்கு வயது பன்னிரண்டு, பேத்திக்கு ஒன்பது. மருமகளுக்குக் கொஞ்சம் பயம். பாம்பு, தேள், கொசு, மேலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். பயம் நியாயமானதே. அமெரிக்காவிலும் பரணிலிருந்து விழுந்து அடிபடும் வேட்டைக்காரர்கள் உண்டு. ஆகவே முதலிலேயே சட்டம் போட்டேன்: காலில் ஷூ, கையில் டார்ச், நாலடிக்கு மேல் ஏறினால் இடுப்பில் கயிறு. வேலை நேரம் காலை ஆறு முதல் ஒன்பது வரை.

நான்கு சவுக்கு மரம், ஒவ்வொன்றும் 16 அடி. மூன்றடி மண்ணுக்குள், அந்தப் பகுதிக்குத் தார் பூசினோம். தரையிலிருந்து பத்தடியில் மேடை. மீதி மூன்றடி கைப்பிடிக்கு. அடியில் எட்டடிச் சதுரம், மேலே ஆறடிச் சதுரம். கால்கள் உள்நோக்கிச் சாய்ந்தால்தான் காற்றுக்கு நிற்கும். சதுரம் போடும் வேலையைப் பேரனிடம் கொடுத்தேன். மூன்றடி, நாலடி, ஐந்தடிக் கயிறு கட்டினால் மூலை மட்டமாகும் என்று மட்டும் சொன்னேன். முளை அடித்து முடித்து, மூலைக்கு மூலை அளந்தால் ஒரு பக்கம் அரையடி கூடுதல். நான் வாயைத் திறக்கவில்லை. அவன் மூன்று முறை முளையைப் பிடுங்கி அடித்தான். கடைசியில் இரண்டு மூலைவிட்டமும் 11 அடி 4 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக ஒன்றுபோல வந்தபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். விலை உயர்ந்த விளையாட்டுச் சாமான் எதுவும் அந்த முகத்தைக் கொடுத்ததை நான் கண்டதில்லை.

பேத்தி குறுக்குக் கட்டைக்கு அதிகாரி. நான்கு குச்சியைச் சதுரமாகக் கட்டிக் கையில் கொடுத்தேன், ஆடியது. மூலைக்கு மூலை ஒரு குச்சி வைத்துக் கட்டியதும் ஆட்டம் நின்றது. "முக்கோணம் ஆடாது தாத்தா" என்று அவளே கண்டுபிடித்தாள். எத்தனையோ ரயில்வே பாலங்கள் அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நிற்கின்றன. தேங்காய் நார்க் கயிற்றால் முடிச்சுப் போட அவளுக்கு மச்சான் கற்றுக் கொடுத்தார். கையில் கொப்புளம் வந்தது. அதைக் காட்டிக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டாள். பலகை போட்டு, பனையோலைக் கூரை வேய்ந்து, ஏணி வைத்து முடிக்கப் பதினோரு நாள். பிறகு ஐம்பது கிலோ மண் மூட்டை பன்னிரண்டை மேடையில் ஏற்றி ஒரு ராத்திரி விட்டு வைத்தேன். எடை வைத்துப் பார்க்காமல் ஆளை ஏற்றுவது என் தொழில் தர்மத்தில் இல்லை.

சாயங்காலம் மீன் பிடிப்பு. ஏரியில் மடையோரம் மட்டும் தண்ணீர் கிடந்தது. ஏரி மீன் குத்தகைக்கு விடப்பட்டது. ஆகவே குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் போனோம். "தூண்டிலில் பிடிப்பது எவ்வளவு, பிடித்துச் சாப்பிடுங்கள்" என்று தெலுங்கில் சிரித்தார். மூங்கில் கழி, நைலான் நூல், தக்கை, மண்புழு. முதல் இரண்டு நாள் ஒன்றும் மாட்டவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பதையும் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டுமல்லவா? மூன்றாம் நாள் பேரனுக்கு ஒரு ஜிலேபிக் கெண்டை. மச்சான் வீட்டு அம்மாள் மாங்காய் போட்டு, நெல்லூர்ப் பாணியில் குழம்பு வைத்தார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன். அந்தப் பக்கம் கண்டலேறு - பூண்டிக் கால்வாய் ஓடுகிறது. சென்னைக்குக் குடிக்கக் கிருஷ்ணா தண்ணீர் கொண்டு போகும் கால்வாய். அதன் கரையில் பிள்ளைகளை மீன் பிடிக்க விடாதீர்கள். சிமெண்ட் பூசிய சரிவில் பாசி பிடித்திருக்கும். விழுந்தால் நன்றாக நீந்தத் தெரிந்தவனுக்கும் ஏற முடியாது.

இதுவரை சொன்னது இனிப்பு. கசப்பையும் சொல்ல வேண்டும்.

நாங்கள் போய்ச் சேர்ந்த முதல் நாளே மச்சான் வீட்டுக் கொல்லையில் ஒரு சுருள் இரும்புக் கம்பியைப் பார்த்தேன். எதற்கு என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள்: வயலைச் சுற்றிக் கம்பி கட்டி ராத்திரியில் மோட்டார் லைனிலிருந்து கரண்ட் கொடுத்துவிட்டால் பன்றி அங்கேயே விழும், கறியும் ஆயிற்று. நான் 25,000 வோல்ட் கம்பிக்குக் கீழே வேலை பார்த்தவன். 230 வோல்ட்டும் ஆளைக் கொல்லும் என்று எனக்குத் தெரியும். ராத்திரி தண்ணீர் பாய்ச்ச வருகிற மனிதனும் அதில் விழுவான் என்று கத்தினேன். அவர் அமைதியாக ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "மாப்பிள்ளை, உங்களுக்குப் பென்ஷன் வருகிறது. எனக்குக் கடலைதான் பென்ஷன்."

என்னிடம் பதில் இல்லை. நகரத்தில் இருந்துகொண்டு வனவிலங்கைக் காப்பாற்று என்று சொல்வது எளிது. இரண்டு வருடம் விதையையும் உழைப்பையும் இழந்தவனிடம் வெறும் உபதேசம் எடுபடாது.

ஆனாலும் கம்பியை ஒப்புக்கொள்ள முடியாது. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வேட்டையை நிறுத்திவிட்டன. காட்டுப்பன்றியைச் சுட வேண்டுமானால் அரசு அனுமதி வேண்டும். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த உத்தரவும், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடுவதற்குத்தான் வழி செய்தது. மின்கம்பிக்கோ பன்றி எது, யானை எது, மனிதன் எது என்று தெரியாது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே பயிர் காக்கப் போட்ட கம்பியில் மூன்று யானைகள் ஒன்றாகச் செத்தன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. காளஹஸ்தி என்ற பெயரிலேயே யானை இருக்கிறது. ஸ்ரீ என்ற சிலந்தி, காளம் என்ற பாம்பு, ஹஸ்தி என்ற யானை மூன்றும் பூஜித்த ஊர். அந்த ஊர் மண்ணில் யானைக்கும் எமனாகக்கூடிய கம்பியைக் கட்டலாமா?

அந்த ஊர் வேட்டைக்கு விரோதமான ஊரும் அல்ல என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். கண்ணப்பர் வேடர் குலத்தில் பிறந்த திண்ணன். ஒரு பன்றியைத் துரத்திக்கொண்டு வந்துதான் காளத்தி மலையை அடைந்தார் என்று சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியிருக்கிறார். அந்தப் பன்றிக் கறியைத்தான் சுவாமிக்குப் படைத்தார். இன்றைக்கும் மகா சிவராத்திரி பிரம்மோற்சவத்தில் சுவாமிக்கு முன்பே கண்ணப்பர் மலையில் கொடியேறுகிறது. ஆனால் அவர் மிருகத்தை எதிரே நின்று வேட்டையாடினார். இருட்டில் கம்பியைக் கட்டிவிட்டு வீட்டில் போய்த் தூங்கவில்லை. ராத்திரியெல்லாம் வில்லோடு விழித்து நின்று சுவாமிக்குக் காவல் இருந்தார். பரணில் உட்காருவதற்கும் கம்பி கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பரணில் இருப்பவன் விழித்திருக்கிறான். தான் செய்வதைக் கண்ணால் பார்க்கிறான்.

பரண் முடிந்த அன்று ராத்திரி மகன், பிள்ளைகள், மச்சான், நான் ஐவரும் மேலே இருந்தோம். இரண்டு மணி இருக்கும். புதர் சலசலத்தது. டார்ச் அடித்தால் ஒரு தாய்ப் பன்றியும் பின்னால் வரிசையாகக் குட்டிகளும். பேரன் தகர டப்பாவைத் தட்டினான், எல்லாம் ஓடின. பேத்தி விரல் விட்டு எண்ணி, "ஏழு குட்டி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கம்பி கட்டியிருந்தால் ஏழும் செத்திருக்குமா தாத்தா?" என்று கேட்டாள். நான் பேசவில்லை. மச்சானும் பேசவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை விட மாட்டேன். பரணுக்கு ஆள் வேண்டும். பிள்ளைகள் நாலு வாரத்தில் போய்விடுவார்கள். எழுபது வயதுக்காரர் தினம் ராத்திரி கண் விழிக்க முடியுமா? மறுநாள் உட்கார்ந்து பேசினோம். பக்கத்து நிலத்துக்காரர்கள் மூவரைச் சேர்த்து முறை வைத்துக் காவல் என்று முடிவாயிற்று. மகன், உறவினர்களுக்கு ஜவுளி எடுக்க வைத்திருந்த பணத்தில் சோலார் வேலிக்கான கருவி வாங்கிக் கொடுத்தான். இது அரசு அங்கீகரித்த முறை. மோட்டார் லைன் கரண்ட் விடாமல் பாய்ந்து உடம்பை உலுக்கிக் கொல்லும். சோலார் வேலி ஒரு நொடிக்கு ஒரு முறை, கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவாகச் சுரீர் என்று அடித்து விட்டுவிடும். மிருகம் பயந்து விலகும், சாகாது. கொல்லையில் கிடந்த அதே கம்பியைத்தான் அதற்கும் கட்டினோம். அறுவடையில் ஓரத்தில் கொஞ்சம் சேதம் இருந்தது. மீதியெல்லாம் வீடு வந்து சேர்ந்தது.

சிலர் கேட்கலாம்: "பாவம், ஓய்வுக்கு வரும் பிள்ளைகளிடம் வேலை வாங்குவதா?" வேலை வாங்குவது வேறு, வேலையில் பங்கு கொடுப்பது வேறு. எல்லோருக்கும் வயல் இல்லையே என்றும் கேட்கலாம். வயல் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக் கிணற்றுச் சுவர் பூச வேண்டியிருக்கலாம்; பாட்டி வீட்டுக் கதவுக்கு வர்ணம் அடிக்க வேண்டியிருக்கலாம்; குலதெய்வக் கோயில் வேலி சாய்ந்திருக்கலாம். கூலிக்கு ஆள் வைத்து அதை முன்கூட்டியே முடித்து வைக்காதீர்கள். பேரனுக்காக விட்டு வையுங்கள். பெரியவர்கள் பக்கத்தில் இருங்கள். தப்பாகச் செய்தாலும் பிடுங்கிச் செய்யாதீர்கள். நான் அரையடித் தப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றது என் 36 வருட சர்வீஸில் செய்த கஷ்டமான காரியம்.

பலன் என்ன என்கிறீர்களா? முன்பெல்லாம் ஞாயிறு தோறும் போன் வரும். "நல்லா இருக்கீங்களா தாத்தா", "நல்லா இருக்கேன்" என்றதும் போன் அப்பா கைக்குப் போய்விடும். இப்போது பேத்தி முதலில் கேட்பது, "பரண் எப்படி இருக்கிறது? கயிறு தளர்ந்ததா?" என்பதுதான். வடகிழக்குப் பருவமழையில் ஒரு குறுக்குக் கட்டை நழுவிவிட்டது என்று மச்சான் அவளிடமே நேராகச் சொல்லியிருக்கிறார். யாரும் அதைத் தொடக் கூடாது, நான் வந்து கட்டுகிறேன் என்று உத்தரவு போட்டிருக்கிறாள். மச்சான் அதற்குத் தற்காலிகமாக ஒரு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்.

பேரன் இப்போது அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அவனுக்கு இங்கே வேலை இருக்கிறது. இந்தக் கோடையில் உங்கள் வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு என்ன வேலை வைத்திருக்கிறீர்கள்?